நெருப்பு மூட்டினால் குளிரும் பெட்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சிற்றூர். கோடையில் அங்கே ஈ, காக்கை இருக்காது. குளிர்காலம் பிறந்ததும் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க வீட்டு வண்டிகள் வந்து நின்றுவிடும். வடக்கே பனி கொட்டும் மாநிலங்களிலிருந்து தப்பி வந்த ஓய்வுபெற்ற தம்பதிகள், வேலையை உதறிவிட்டு ஊர் சுற்றுகிறவர்கள், நாயும் பூனையுமாக நாலைந்து மாதம் தங்குகிறவர்கள். பாலைவனத்தில் மின் கம்பி கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. அவரவர் வண்டிதான் அவரவர் வீடு.

இந்த மாதிரி இடங்களில் மாலை நேரத்தில் அடிக்கடி அரங்கேறும் காட்சி ஒன்று உண்டு. கதவு திறந்து கிடக்கும் பழைய வேன். உள்ளே தரையில் ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். சின்ன ஃபிரிட்ஜின் கதவைத் திறந்துவைத்து, அதற்குள் தலையை நுழைத்து, அடிப்பக்கத்து மூலையில் இருக்கும் பொத்தான் அளவு கண்ணாடித் துவாரத்தை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கை ஒரு குமிழை அழுத்திப் பிடித்திருக்கும். மறு கை ஒரு பொத்தானைத் தட்டும். டிக். ஒன்றும் நடக்காது. டிக், டிக். ஊஹூம். பக்கத்தில் மனைவி, கையில் பால் பாக்கெட்டோடு, எதுவும் பேசாமல் நின்றுகொண்டிருப்பார். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவர் முகத்தில் தெரியும்.

அந்தத் துவாரத்துக்குள் அவர் தேடுவது ஒரு நீலச் சுடரை. குளிர்பதனப் பெட்டிக்குள் நெருப்பைத் தேடுவானேன் என்று கேட்கலாம். அந்த நெருப்பு எரிந்தால்தான் பெட்டி குளிரும்.

வோல்க்ஸ்வேகன் கம்பெனி 1980-லிருந்து 1991 வரை அமெரிக்காவில் விற்ற 'வானகன்' வேனில், வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் அமைத்துக் கொடுத்த ஒரு ரகம் இருந்தது. கூரையைத் தூக்கினால் மாடி. இருக்கையை மடக்கினால் கட்டில். அந்த வண்டிகளில் பல இன்றும் ஓடுகின்றன. வைத்திருப்பவர்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை மாதிரி வைத்துக் கொஞ்சுகிறார்கள். ஆனால் அவர்களில் யாரைக் கேட்டாலும், பிள்ளையிடம் உள்ள ஒரே பிடிவாதம் ஃபிரிட்ஜ் என்பார்கள்.

அது மூன்று விதத்தில் ஓடும். முகாமில் மின் இணைப்பு இருந்தால் அதில் ஓடும். வண்டி ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். இரண்டும் இல்லாத காட்டிலும் பாலைவனத்திலும் புரொப்பேன் வாயுவில் ஓடும். எஞ்சினை நிறுத்திய பிறகும் பேட்டரியிலேயே விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்து, காலையில் வண்டி கிளம்பாது. ஆகவே வண்டி நின்றதும் வாயுவுக்கு மாற்றியாக வேண்டும். தரையில் குப்புறப் படுக்கும் படலம் அங்கேதான் ஆரம்பம்.

நெருப்பால் எப்படிக் குளிர வைக்க முடியும்? மண்பானையைத் தெரிந்தவர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. எந்தத் திரவம் ஆவியானாலும் இதுதான் விதி. நம் வீட்டு ஃபிரிட்ஜும் இதைத்தான் செய்கிறது. பானையில் ஆவியான தண்ணீர் காற்றோடு போய்விடுகிறது. ஃபிரிட்ஜில் ஆவியான பொருளைப் பிடித்து, அமுக்கி, மறுபடி திரவமாக்க வேண்டும். அதற்கு மின்சார மோட்டாரும் கம்ப்ரஸரும் இருக்கின்றன. உர் என்று கேட்கிற சத்தம் அதுதான்.

வேனில் இருக்கும் பெட்டியில் மோட்டார் கிடையாது. அசைகிற பாகம் எதுவுமே கிடையாது. பெட்டியின் முதுகில் வளைந்து வளைந்து போகும் இரும்புக் குழாய்கள் மட்டும்தான். அவற்றுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைத்து, நிரந்தரமாக வெல்ட் செய்து மூடப்பட்டிருக்கும். அடியில் எரியும் சுடர், அம்மோனியா கரைந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. காபி பெர்கோலேட்டரில் குமிழிகள் திரவத்தை மேலே தள்ளுவதுபோல இங்கேயும் குமிழிகளே பம்பு வேலையைச் செய்கின்றன. பிரிந்த அம்மோனியா ஆவி உச்சிக்குப் போய், அங்குள்ள தகடுகளில் சூட்டை இழந்து திரவமாகிறது. அந்தத் திரவம் கீழே சொட்டி, ஃபிரிட்ஜின் உட்புறத்துக் குழாய்க்கு வருகிறது. அங்கே காத்திருக்கும் ஹைட்ரஜனோடு சேர்ந்ததும் வேகமாக ஆவியாகி, உள்ளே இருக்கும் பால், தயிர், காய்கறிகளின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு கீழே இறங்கித் தண்ணீரில் மறுபடி கரைகிறது. லேசான ஹைட்ரஜன் பிரிந்து தன் இடத்துக்கு ஏறிப் போகிறது. சுடர் மீண்டும் கொதிக்க வைக்கிறது. இரவு பகலாக, துளிச் சத்தம் இல்லாமல் இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கும்.

இந்த அமைப்பை 1922-ல் கண்டுபிடித்தவர்கள் பல்ட்ஸார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள். அப்போது ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்கள். அவர்கள் கண்டுபிடிப்பை எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கும் இந்தத் துறையில் ஒரு பங்கு உண்டு. அந்தக் காலத்து மின்சார ஃபிரிட்ஜிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் பெர்லினில் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்து அவர் மனம் கலங்கியதாகச் சொல்வார்கள். தன் இளம் நண்பர் லியோ ஸிலார்டுடன் சேர்ந்து அசையும் பாகமே இல்லாத ஃபிரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார். 1930-ல் அதற்கு அமெரிக்கப் பேட்டன்ட்டும் கிடைத்தது. அந்த ஃபிரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை. ஆனால் கழன்று போக ஒன்றும் இல்லாத இயந்திரம்தான் பத்திரமானது என்ற எண்ணம் எவ்வளவு பெரிய மூளைகளை ஈர்த்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. மின்சாரம் எட்டாத எஸ்டேட் பங்களாக்களிலும் மிஷன் ஆஸ்பத்திரிகளிலும் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கை அடியில் ஏற்றிவைத்து ஓட்டிய ஃபிரிட்ஜ் இதே ஜாதி. இன்று ஹோட்டல் அறைகளில் தூக்கத்தைக் கெடுக்காமல் மூலையில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் பல குட்டி ஃபிரிட்ஜ்களும் இதே ஜாதிதான். அங்கே சுடருக்குப் பதில் மின்சார ஹீட்டர்.

அசையும் பாகம் இல்லையென்றால் கெட்டுப்போக என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியில்தான் வேன்காரர்களின் பாதித் துன்பத்துக்கு விடை இருக்கிறது. மூடிய குழாய்களுக்குள் கோளாறு ஏற்படுவது அபூர்வம். பெரும்பாலும் கோளாறு வெளியேதான் இருக்கும். சுடரில், சுடருக்கு வரும் காற்றில், வண்டி நிற்கும் தரையில். ஆனால் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றதும் 'பெட்டி போச்சு' என்று முடிவு கட்டி, பெரும் பணம் செலவழித்துப் புதிதாக மாட்டி, அதுவும் குளிராமல் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு. நோய் வேறு இடத்தில் இருக்கும்போது நோயாளியை மாற்றி என்ன பயன்?

முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. வீட்டு ஃபிரிட்ஜ் இரண்டு மூன்று மணி நேரத்தில் சில்லிட்டுவிடும். இந்தப் பெட்டிக்கு அரை நாளிலிருந்து ஒரு முழு நாள் வரை வேண்டும். கிளம்புகிற அன்று காலையில் பற்றவைத்து, அறைச் சூட்டில் இருக்கும் பானங்களையும் வெந்நீர்ச் சூடு ஆறாத சாம்பாரையும் அடைத்துவிட்டு, மதியம் திறந்து பார்த்து 'குளிரவில்லை' என்றால் அது ஃபிரிட்ஜின் குற்றமல்ல. அனுபவசாலிகள் முதல் நாளே பற்றவைத்து, வீட்டில் ஏற்கெனவே குளிர்ந்த பொருட்களைத்தான் உள்ளே வைப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்து, மறுநாள் காலை பார்ப்பார்கள். 4 டிகிரி செல்ஷியஸுக்குப் பக்கத்தில் இருந்தால் கவலை இல்லை.

இரண்டாவது, வண்டி நிற்கும் தரை. உள்ளே பம்பு இல்லாததால் திரவங்கள் தம் எடையால்தான் கீழே வழிந்தோட வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் ஏதாவது ஒரு வளைவில் திரவம் தேங்கி நின்றுவிடும். பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. சாதாரணமாக அவ்வளவு சாய்வைத்தான் இந்தப் பெட்டிகள் தாங்கும். பழையவை அதைக்கூடத் தாங்காது. வண்டி ஓடும்போது ஆட்டத்தில் திரவம் கலைந்துகொண்டே இருப்பதால் பாதகமில்லை. நிறுத்திய பிறகுதான் ஆபத்து. சாய்வாக நிற்கும் வண்டியில் சுடர் விடாமல் எரிந்தால், திரவம் வராத குழாய் வெறும் வாணலி மாதிரி காயும். துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே கலந்திருக்கும் சோடியம் குரோமேட் என்ற மஞ்சள் உப்பு படிந்து இறுகி, குழாயை நிரந்தரமாக அடைத்துவிடும். அதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது. மூடிய குழாய்களுக்குள் வரும் அந்த அபூர்வ நோயையும் பல சமயம் வெளியிலிருந்து நாமேதான் வரவழைக்கிறோம். பத்து ரூபாய் ரசமட்டமும், சக்கரத்துக்கடியில் வைக்க இரண்டு மரக்கட்டைகளும் இருந்தால் தவிர்க்கக்கூடிய சாவு அது.

மூன்றாவதாக ஒரு சோதனை. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனால் மிகப் பெரிய உண்மையைச் சொல்லிவிடும். பெட்டியை வாயுவில் ஓட்டிப் பார்த்தாயிற்று, குளிரவில்லை. சரி, சமதளத்தில் நிறுத்தி, மின் இணைப்புக் கொடுத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மின்சாரத்தில் நன்றாகக் குளிர்ந்தால் குழாய்கள் ஆரோக்கியமாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு வாயுவிலோ பர்னரிலோதான். இரண்டிலுமே குளிரவில்லை என்றால் முதுகுப் பக்கத்துக் காற்றோட்டத்தையும் கதவின் ரப்பரையும் பார்க்க வேண்டும். அவையும் சரியாக இருந்தால் மட்டுமே குழாய்களைச் சந்தேகிக்கலாம். கதவைச் சோதிக்க ஒரு ரூபாய் நோட்டுப் போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கோளாறு வாயுப் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டால் அடுத்தபடியாக வேனின் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அடுப்பு எரியாவிட்டால் சிலிண்டர் காலி, அல்லது ரெகுலேட்டர் கோளாறு. அடுப்பு எரிகிறது, ஃபிரிட்ஜ் மட்டும் எரியவில்லை என்றால் பல சமயம் காரணம் வெறும் காற்று. நாள்கணக்கில் மூடிக் கிடந்த குழாயில் வாயுவுக்குப் பதில் காற்று நிரம்பியிருக்கும். அது வெளியேறும்வரை குமிழை அழுத்திப் பிடித்துப் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெஸ்ட்ஃபாலியாவில் இதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. அதன் பர்னர் ஒரு மூடிய அறைக்குள் இருக்கிறது. சுவாசிப்பது வேனின் பக்கவாட்டில் உள்ள துவாரம் வழியாக. எரிந்து முடிந்த பழைய காற்று உள்ளே தங்கிவிட்டால் புதுச் சுடர் பிடிக்காது. அதை வெளியே தள்ளவென்றே ஒரு சின்னக் கைப்பம்பு வைத்திருக்கிறார்கள். பலர் இரண்டு தடவை அடித்துவிட்டு, பற்றவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். இருபது முப்பது தடவை அடிப்பவர்களுக்கு நீலச் சுடர் தரிசனம் தருகிறது.

பற்றிக்கொண்டது, ஆனால் குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது என்றால் தெர்மோகப்பிளைப் பார்க்க வேண்டும். சுடரில் நுனி நனைந்தபடி நிற்கும் ஒரு சின்ன உலோகக் குச்சி அது. சூடானதும் சில மில்லிவோல்ட் மின்சாரத்தை உண்டாக்கும். ஒரு டார்ச் பல்பைக்கூட மின்ன வைக்க முடியாத அந்த மின்சாரம்தான் வாயுவின் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. சுடர் அணைந்தால் குச்சி ஆறும், வால்வு தானாக மூடிக்கொள்ளும், தூங்குகிறவர்கள் பிழைப்பார்கள். குச்சி சூடேற அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் ஆகும். அதற்குள் கையை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திட்டுவது நியாயமல்ல. ஒரு நிமிஷம் பிடித்த பிறகும் அணைந்தால் குச்சி நகர்ந்திருக்கலாம், அதன் இணைப்பு தளர்ந்திருக்கலாம், அல்லது ஆயுள் முடிந்திருக்கலாம். விலை அதிகமில்லை. ஆனால் இது காவல்காரன். அவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வால்வைக் கம்பி கட்டித் திறந்துவைக்கும் 'சாமர்த்தியம்' மட்டும் கூடாது.

சுடர் எரிகிறது, அணையவும் இல்லை, ஆனாலும் குளிர் போதவில்லை. அப்போது சுடரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கூர்மையாக, நீலமாக, ஆடாமல் நின்றால் நல்லது. மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் காற்று போதவில்லை, அல்லது ஜெட் அடைத்திருக்கிறது. ஜெட் என்பது தலைமுடி நுழையும் அளவுத் துளை. நம் வீடுகளில் ஸ்டவ் பின்னால் குத்திப் பழகிய கை உடனே பின்னைத் தேடும். கூடாது. துளை துளியூண்டு பெரிதானாலும் அளவுக்கு மேல் வாயு வந்து கரி படியும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, உலரவிட்டு, ஊதினால் போதும். அடைப்பவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் சிலந்தி. குளிர்காலம் முழுக்க வண்டி சும்மா நிற்கும்போது பர்னர் குழாய்க்குள் வலை பின்னிவிடும். சிலந்தியின் இந்தப் பழக்கத்தை அமெரிக்கக் கார் உலகம் நன்றாக அறியும். பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாயில் அது வலை கட்டியதால் 2011-ல் ஒரு ஜப்பானியக் கம்பெனி ஐம்பதாயிரம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

சுடருக்கு மேலே புகைபோக்கி. அதற்குள் முறுக்கிய தகடு ஒன்று தொங்கும். சூடு அவசரமாக மேலே ஓடிவிடாமல் தடுத்து, குழாயைச் சூடாக்குவது அதன் வேலை. அந்தத் தகட்டிலும் புகைபோக்கிச் சுவரிலும் கரியும் துருவும் படிந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து பர்னர் தலையிலேயே விழும். வருஷத்துக்கு ஒரு தடவை தகட்டை வெளியே எடுத்துத் துடைத்து, புகைபோக்கியை பிரஷ் போட்டுத் தேய்த்து, பர்னரை ஊதிச் சுத்தம் செய்தாலே நாள்பட்ட வியாதிகள் பாதி போய்விடும். நம் ஊரில் ஹரிக்கேன் லாந்தர் கண்ணாடியைத் தினமும் துடைத்த தலைமுறைக்கு இதில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றும் இல்லை.

எல்லாம் சரி, மத்தியானத்தில் மட்டும் குளிர் குறைகிறது என்றால் அது வெயிலின் வேலை. பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சூடு முதுகுப் பக்கத் தகடுகள் வழியாக வெளியேற வேண்டும். அங்கே காற்று அசையாமல் நின்றால் சூடு போக இடமில்லை. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது எந்த அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜும் திணறும். கணினிக்குள் சுழலும் குட்டி விசிறி ஒன்றைப் பின்னால் பொருத்தி, ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கம் நிழலில் விழும்படி வண்டியை நிறுத்துவார்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

மலை ஏறினால் இன்னொரு தொல்லை. 5,500 அடிக்கு மேல் காற்று மெலிந்துவிடுவதால் சுடர் தளர்ந்து அடிக்கடி அணையும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்களைக் குடும்பத்தோடு வாடகை வீட்டு வண்டியில் ஏற்றி கிராண்ட் கேன்யனுக்கும் யெல்லோஸ்டோனுக்கும் அழைத்துப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. கேன்யனின் தென் விளிம்பு சுமார் 7,000 அடி. யெல்லோஸ்டோன் பீடபூமி சுமார் 8,000 அடி. அம்மா ஆசையாக அரைத்து எடுத்து வந்த இட்லி மாவு அங்கே பொங்கி வழிந்தால் ஃபிரிட்ஜின் மீது பழி போடுவதற்கு முன் உயரத்தை நினைக்க வேண்டும். மின் இணைப்புள்ள முகாமில் தங்குவதுதான் வழி.

மாவு புளித்தால் தோசையாகிவிடும். மருந்து அப்படியல்ல. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்து போனாலும் கெட்டுவிடும். பாலைவனத்தில் மருந்துக் கடை எத்தனை மைலில் இருக்கிறதோ! ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்று நம்புவது வேறு, தெர்மாமீட்டரைப் பார்ப்பது வேறு. உள்ளே 4 டிகிரிக்கு மேல் ஏறி இரண்டு மணி நேரத்துக்கு அதிகமாக இருந்த பாலையும் இறைச்சியையும் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் அறிவுரை. மோந்து பார்த்து முடிவு செய்வது ஆபத்து.

மூக்குக்கு வேறொரு வேலை இருக்கிறது. பழைய மூத்திர வாடை மாதிரி நெடி அடித்து, பின்பக்கக் குழாயில் மஞ்சள் கறையும் தெரிந்தால் அம்மோனியா கசிகிறது என்று பொருள். உடனே அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிட வேண்டும். அதோடு கசிவது ஹைட்ரஜன். எளிதில் தீப்பிடிக்கும் வாயு. கொதிகுழாயில் விரிசல் விட்டுத் தீப்பிடிக்கலாம் என்ற அச்சத்தால் 2006-ல் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான வீட்டு வண்டி ஃபிரிட்ஜ்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இதில் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. சிலர் குளிராத பெட்டியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு நாள் வைத்து, மறுபடி நிமிர்த்துவார்கள். தேங்கிய திரவம் கலைந்து பழைய பெட்டிகள் சில உயிர்பெற்றது உண்மைதான். அது தேக்கத்துக்கு வைத்தியம். கசிவுக்கு அல்ல.

நெடியே இல்லாத எதிரியும் உண்டு. மஞ்சளாக எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, குமட்டல், அசதி, பிறகு தூக்கம். அமெரிக்காவில் 1933-லிருந்து 1957 வரை தயாரான ஒரு ரக வாயு ஃபிரிட்ஜ்கள் மலைக் குடில்களில் தொடர்ந்து எரிந்துகொண்டிருந்தன. பராமரிப்பில்லாமல் அவை கக்கிய புகையால் பலர் இறந்தார்கள். அவற்றை நிறுத்திவிடும்படி அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1990-களில் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. நச்சு வாயுவால் இறந்த பெர்லின் குடும்பத்துக்காக ஐன்ஸ்டைன் வருந்தினார். அசையும் பாகம் இல்லாத பெட்டியும் கவனிப்பாரின்றி விட்டால் அதையேதான் செய்யும். வண்டிக்குள் மோனாக்சைடு அலாரம் ஒன்றும், தரையை ஒட்டி வாயுக் கசிவு அலாரம் ஒன்றும் இருப்பது அவசியம். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். பெட்ரோல் பங்க்குக்குள் நுழைவதற்கு முன் சுடரை அணைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை சிரமம் எதற்கு என்று புதிய வண்டிக்காரர்கள் கேட்கிறார்கள். கூரையில் சூரியத் தகடு, லித்தியம் பேட்டரி, 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் என்று அவர்கள் மாறிவிட்டார்கள். சாய்வு, உயரம், சிலந்தி எதுவும் அதற்குத் தொல்லையில்லை. நியாயமான கேள்விதான். கேரள அரசு 2021-ல் காரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு இங்கேயும் வீட்டு வண்டிகள் தலைகாட்டுகின்றன. நம் வெயிலுக்குக் கம்ப்ரஸர்தான் பொருத்தம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் வாயுப் பெட்டிக்காரர்களிடமும் பதில் இருக்கிறது. நாளொன்றுக்குக் கால் கிலோ சொச்சம் வாயுதான் அது சாப்பிடுகிறது. நம் வீட்டுச் சிலிண்டர் அளவு வாயு இருந்தால் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஓடும். மேகம் மூடினாலும், பேட்டரி செத்தாலும், ஆள் நடமாட்டமில்லாத காட்டில் சத்தமே போடாமல் ஓடும். பதிலுக்கு அது கேட்பதெல்லாம் சமமான தரை, சுத்தமான காற்று, வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பிரஷ், பற்றவைக்கும்போது ஒரு நிமிஷப் பொறுமை.

குவார்ட்சைட்டில் அந்த மனிதர் எழுந்து வெளியே வந்து ரசமட்டத்தை எடுத்துப் பார்க்கிறார். இடது பின் சக்கரம் பள்ளத்தில் இருக்கிறது. கட்டையை வைத்து வண்டியை ஏற்றி நிறுத்துகிறார். மறுபடி குப்புறப் படுத்து, இந்தத் தடவை எண்ணி முப்பது முறை பம்பை அடிக்கிறார். டிக். துவாரத்துக்குள் ஒரு நீலப் பொட்டு. கையை எடுக்காமல் அறுபது வரை எண்ணுகிறார். மெல்ல எடுக்கிறார். பொட்டு அப்படியே நிற்கிறது.

"எரியுதா?" என்று மனைவி கேட்கிறார்.

எரிகிறது. காலையில் பால் கெடாது.